சமாதானம் படிக்கப் போகிறவனுக்கு

கண்ணு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய், சீட் கிடைத்துவிட்டதே. அதனால் நலம் விசாரிக்கிற வேலை இரண்டு பேருக்கும் மிச்சம். "ஸ்டெல்லா அக்காவுக்கு நீங்க பண்ணினது துரோகம். இனி உங்க முகத்துல முழிக்க மாட்டேன். ஊட்டுக்கு வரல, சென்னையிலிருந்தே பிளைட் ஏறிக்கறேன்" என்று நீ போட்ட மெசேஜை, கம்பெனியில் அயனிங் டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டு படித்தேன். படித்ததும் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். இருப்பது ஒரே பிள்ளை. உன் அப்பா போன பிறகு இந்த பனியன் கம்பெனியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தவள் நான். வீட்டுக்கு வந்தால் பேசுவதற்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நேரம் கழித்து மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சீட் உறுதி என்று அந்த வெளிநாட்டுப் படிப்புக்காரர்கள் மெயில் அனுப்பினது காலையில். உனக்குக் கோபம் வந்தது மத்தியானம். நல்ல கோபம் கண்ணு, நேரம் பார்த்து வருகிறது. அயனிங்காரர் "என்னங்கம்மா, தண்ணி வேணுங்களா" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

போனில் பேசினால் நீ கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் நண்பர்களிடம் காட்டு, உன் புரொபசர்களிடம் காட்டு, எனக்கு ஒன்றுமில்லை. வருகிற ஒறம்பரை, சொந்தக்கார சனமெல்லாம் "பையன் எதுக்குப் படிக்கப் போறானுங்க" என்று கேட்கிறார்கள். "சமாதானத்துக்குங்க" என்றால், "ஓ, வக்கீலுக்குங்களா" என்கிறார்கள். நானும் விளக்கிப் பார்த்துவிட்டேன். பல தேசத்திலிருந்து பொறுக்கி எடுத்து, சண்டை போடுகிறவர்களை எப்படி உட்கார வைத்துப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்கிற பெரிய படிப்பு, படிப்புச் செலவு, தங்குமிடம், டிக்கெட் எல்லாம் அவர்களே தந்துவிடுவார்கள், முடித்து வந்தால் நாளைய தலைவர் என்று. பெரியப்பா மட்டும் விவரமாகக் கேட்டார்: "அப்ப இவன் முன்னாடி ஏதாச்சு சண்டையத் தீத்து வெச்சிருக்கோணுமே?" ஆமாம், அதுதானே அவர்கள் கேட்கிற தகுதி. நீ தீர்த்து வைத்த சண்டை என் கம்பெனியில் நடந்தது. அதைத்தான் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினாய். அந்தச் சண்டையின் கதை உனக்குப் பாதிதான் தெரியும் என்று நீ நடிக்கிறாய். அந்த நடிப்போடு நீ பிளைட் ஏறுவதற்கு நான் விட மாட்டேன். என் முகத்தில் விழித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சண்டை தொடங்கியது பாட்டில். நம் தையல் ஹாலில் ஒரு பக்கம் ஸ்டெல்லா, அவளோடு தெற்கேயிருந்து வந்த டெய்லர்கள். இன்னொரு பக்கம் பிகாஷும் அவனோடு ஒடிசாவிலிருந்து வந்த பையன்களும். ஸ்பீக்கரில் இந்திப் பாட்டா தமிழ்ப் பாட்டா என்று ஆரம்பித்து, வாய் முற்றி, யாரோ நூல் வெட்டுகிற கத்திரியை ஓங்க, ஒரு ஒடியாப் பையனின் முழங்கை கிழிந்தது. நான் ஓடிப்போய் முதலில் பார்த்தது தைத்து வைத்த பீஸைத்தான். வெள்ளை டி-ஷர்ட், ஏற்றுமதி சரக்கு. "ரத்தம் பட்டத அக்கட்டால எடுத்து வெய்யிங்க, அப்பறம் கையப் பாக்கலாம்" என்றேன். நீ அப்போது லீவில் வந்து பக்கத்தில் நின்றிருந்தாய். அம்மா, நீங்க மனுசிதானா என்று கேட்டாய். நான் கறை பட்ட பீஸை எண்ணிக்கொண்டிருந்தேன். பாட்டுக்காகவா கண்ணு கத்திரி எடுப்பார்கள்? ஒரே மெஷின், ஒரே பீஸ், ஆனால் இரண்டு கூலி. ஹாஸ்டலில் தங்குகிற ஒடியாப் பையன்களுக்குக் குறைவு. தெற்கத்தி ஆட்களிடம் "அவங்க கொறச்சலுக்கு வர்றாங்க, நான் என்ன பண்றதுங்க" என்பேன். ஒடியாப் பையன்களிடம் "அவங்க பழைய ஆளுங்க, ஏத்திக் கேக்கறாங்க" என்பேன். அவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு இருந்த வரைக்கும் என்னை யாரும் முறைக்கவில்லை. அது தானாக வந்த சண்டை அல்ல, நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

நீ வந்து அதைத் தீர்க்கிறேன் என்றாய். தீர்க்கட்டும், நம் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையருக்குக் காட்ட போட்டோவாவது ஆகும் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்கிங் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்கார வைத்தாய். ஒரு நூல் கோனைக் கையில் கொடுத்து, கோன் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும் என்றாய். முதலாளி, மேனேஜர், சூப்பர்வைசர் யாரும் உள்ளே வரக் கூடாது என்றாய். "இங்க பேசறது இந்த ஹாலத் தாண்டாதுங்க" என்று கதவைச் சாத்துவதற்கு முன்னால் நீ சத்தியம் செய்து கொடுத்தது படிக்கட்டில் நின்ற எனக்குக் கேட்டது. உள்ளே டீயும் பன்னும் போயின. அது என் செலவு. போகிற இடத்தில் இதை ஞாபகம் வைத்துக்கொள்: வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே, டீ யார் அனுப்புகிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார். சண்டை போடுகிற இரண்டு பேருக்கு வெளியே எவள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பார். உன் புத்தகத்தில் அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

நான் கதவில் காது வைக்கவில்லை. மேனேஜரை ஒட்டுக் கேட்கச் சொல்லவும் இல்லை. தேவையே வரவில்லை, நீயே சொன்னாய். மத்தியானம் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தாய். முகமெல்லாம் பூரிப்பு. "அம்மா, ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டாங்கம்மா! ஸ்டெல்லா அக்கா என்ன பேச்சு தெரியுங்களா? 'தம்பி பிகாஷு, உனக்குக் கொறச்சலா தாறதுனாலதான் எங்களுக்கு ஏத்தித் தரல, நாம அடிச்சிக்கிடுததுல யாருக்கு லாவம்'னு கேட்டாங்க. பிகாஷ் அழுதுட்டான். அவனே ஏந்திரிச்சுப் போய் அந்தக் கோனை அவங்க கையில குடுத்தான். ஷிப்மெண்டுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து வந்து உங்ககிட்ட ஒரே ரேட் கேக்கப் போறாங்க. நீங்க அசந்துருவீங்க!" நான் அசந்துதான் போனேன். இன்னும் யார் யார் பேசினார்கள் கண்ணு என்று கேட்டேன். ஒவ்வொரு பேராகச் சொன்னாய். குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டேன். இப்போது மெசேஜில் "அம்மாகிட்டதானே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறாய். என்ன கண்ணு இது? கம்பெனி என் பேரில் ஓடுகிறது. நம்மைப் போன்ற வீடுகளில் சோற்று இலையும் ஆபீசும் என்றைக்குடா வேறு வேறாக இருந்தன? உன் அப்பா யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு ஆர்டர் கொடுப்பது என்று முடிவு பண்ணினதெல்லாம் அந்த இடத்தில் சம்மணம் போட்டுத்தான். அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. இந்த ஊர் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் செய்கிற தப்புதான், அம்மாவிடம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு முதலாளியிடம் பேசிவிடுவது.

சின்ன வயதில் நீ ஆசையாக ஒரு சேவல் வளர்த்தாய். ஊர்த் திருவிழா நோம்பிக்கு அதை அடிக்கப் போகிறோம் என்றதும் அழுது புரண்டாய். பிடிக்கிற நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டாய். குழம்பு கொதித்து வாசம் மேலே வந்ததும் இறங்கி வந்து, ஈரல் எனக்கு என்றாய். எல்லோரும் சிரித்தோம். உன் அம்மாயி, என்னைப் பெற்றவர், உனக்குத் திருஷ்டி கழித்தார். எனக்கும் அன்றைக்குப் பெருமைதான், பையனுக்கு இளகின மனசு என்று. இப்போது யோசித்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒன்று ஈரலை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கையைப் பிடித்துக்கொள்ள வந்திருக்க வேண்டும். நான் உன்னை வளர்த்ததில் தப்பு என்று சொன்னால் அந்தக் குழாயை அடைக்காமல் விட்டதுதான்.

திங்கட்கிழமை நான் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இந்த ஊரில் யாரும் யாரையும் நிறுத்துவதில்லை என்று உனக்குத் தெரியும். நிறுத்தினால் கேஸ் வரும், கூட வந்த ஆட்களும் சேர்ந்து போய்விடுவார்கள். பிகாஷைக் கூப்பிட்டு, "தைக்கறதுக்கு கட்டிங் வரலப்பா, வந்ததும் சொல்லி அனுப்பறோம்" என்றேன். ஸ்டெல்லாவிடமும் அதையே, இன்னும் கொஞ்சம் மரியாதையாக, "சித்த நாள் ஊட்டுல இருங்க, சொல்லி அனுப்பறோமுங்க" என்றேன். நீ பேர் சொன்ன மற்றவர்களுக்கும் அதுதான். பிறகு நம் வீதியில் இருக்கிற கம்பெனிக்காரர்களுக்கு வரிசையாகப் போன் போட்டு, இந்தப் பேர்களில் ஆள் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நாளைக்கு அவர்களும் எனக்குப் போன் போடுவார்கள். மீதி இருந்த தெற்கத்தி டெய்லர்களுக்கு மட்டும் ஓவர்டைம் கொடுத்தேன். ஒடியாப் பையன்களை நேரத்தோடு ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். வாரம் திரும்புவதற்குள் ஸ்பீக்கர் சண்டை மறுபடி வந்துவிட்டது, இந்தத் தடவை கத்திரி இல்லாமல். ஷிப்மெண்ட் நேரத்துக்குப் போனது. நீ அதற்குள் காலேஜுக்குப் போய், "அந்த ஹாலில் இன்றுவரை ஒரு மோதலும் இல்லை" என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாய். போனில் எனக்குத்தான் படித்துக் காட்டினாய், நன்றாக இருக்கிறது என்றேன்.

ஸ்டெல்லா கேட்டுக்கு வந்தாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை, நான்தான் வெளியே போனேன். டீ வாங்கி வரச் சொன்னேன். அவள் சண்டை போட வரவில்லை. "யம்மா, நிறுத்திட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. சொல்லி அனுப்புதோம், சொல்லி அனுப்புதோம்னா நான் எத்தன நாளு போனையே பாத்துட்டு இருக்க? வேற கம்பெனிக்குப் போனா பேரக் கேட்டதும் ஆள் வேண்டாங்காவ" என்றாள். "நிறுத்தறதுன்னு யாருங்க சொன்னா? கட்டிங் வரட்டுமுங்க. டீ ஆறுது, குடிங்க" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "தம்பிதான சொல்லிச்சு, மனசுல கெடக்கதச் சொல்லுங்கக்கா, வெளிய போவாதுன்னு. அத நம்பித்தான வாயத் தொறந்தேன். தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கல. என் கொரல்லயே பேசி அனுப்பினேன், எல்லாத்தையும் சொல்லி. ரெண்டு டிக்கும் நீலமாயிட்டு. கேட்டுட்டு, பதில்தான் வரல. தம்பிக்குப் பரிச்ச ஏதும் இருக்கோ?" என்றாள். ஆமாம், பரீட்சைதான் என்றேன். அவள் டீயைத் தொடாமல் செக்யூரிட்டி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பாவமாக இல்லையா என்று கேட்பாய். இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

ஆக உனக்குத் தெரியும். அவள் குரலிலேயே தெரியும். அதற்குப் பிறகு நீ என்னோடு எத்தனையோ தடவை பேசினாய், மழை பெய்ததா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டாய். ஸ்டெல்லா எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயம். அவள் இப்போது மங்கலத்தில் ஒரு தறிக் குடோனில் நூல் சுற்றுகிறாள். பனியன் கம்பெனிக்காரர்களின் போன் அங்கே போகாது, அதனால் பிழைத்தாள். அவள் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தால் பீஸ் விழுகிற வேகத்துக்குப் பக்கத்திலிருப்பவர்கள் ஈடு கொடுக்க முடியாது. இப்போது ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டு நூல் முடிச்சுப் போடுகிறாள். பிகாஷ் வெள்ளகோவில் பக்கம் ஒரு மில்லில் இருப்பதாகக் கேள்வி, சரியாகத் தெரியாது.

பிறகு ஒருநாள் பதறிக்கொண்டு போன் பண்ணினாய். கடைசி ரவுண்டு, சமாதான வட்டத்தில் பேசின பெண் ஒருத்தியிடம் வீடியோவில் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்கிறார்கள், இது சரியாக வராவிட்டால் சீட் போய்விடும் என்றாய். "ஸ்டெல்லா அக்கா பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றாய். அவள் என் கம்பெனியில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  பிறகு, "நீங்க பாத்துக்கோங்கம்மா" என்றாய். கண்ணு, அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை மேனேஜரிடம் சொல்லியிருப்பேன்! என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், செய்து முடித்துவிடு, எனக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்கிற வார்த்தை அது. என் கையில் வளர்ந்த பிள்ளைதான் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. நானும் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டோர் ரூமில் பட்டன், லேபிள் எண்ணிக் கொடுக்கிற பிரேமாவைத் தெரியாது உனக்கு, நீ போன பிறகு சேர்ந்தவள். சிவன்மலைப் பக்கத்துப் பெண். ஸ்டெல்லா என்று கூப்பிட்டால் திரும்பச் சொல்லி, பேச வேண்டியதை மனப்பாடம் பண்ண வைத்து, ஆபீஸ் ரூமில் லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். நான் கேமராவுக்குத் தெரியாமல், திரை தெரிகிற மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தேன். திரையில் நீ வந்தாய், அவர்களும் வந்தார்கள். உன் கண் பிரேமா மேல் விழுந்ததைப் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். நெட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். இவங்க இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு மூச்சு நேரம் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை உன்னிடம் சொல்ல மாட்டேன். "வணக்கம் ஸ்டெல்லா அக்கா, நல்லாருக்கீங்களா? கொழந்தைங்க நல்லாருக்காங்களா?" என்றாய். பிரேமாவுக்குப் பதற்றத்தில் மனப்பாடம் பாதியில் நின்றுவிட்டது. வட்டத்தில் பேசிய பிறகு உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று அந்த வெள்ளைக்காரம்மா கேட்டபோது, "நான் ஸ்டோர்ல பட்டன் எண்றேனுங்க, எனக்கு அதெல்லாம் ஒண்ணுந் தெரியாதுங்க" என்றாள். நீ கொஞ்சமும் தடுமாறாமல், "எனக்குத் தைரியம் வந்தது, இப்போது என் குரலைக் கேட்கிறார்கள்" என்று அவள் சொன்னதாக இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாய். பையரிடம் பேசுகிற அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும் கண்ணு. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இனி நான் சொல்வதைக் கேள். உனக்கு இரண்டு வழி இருக்கிறது. உண்மையிலேயே கோபம் என்றால், அவர்களுக்கு உட்கார்ந்து எழுது. திரையில் வந்தது ஸ்டெல்லா இல்லை, எனக்குத் தெரிந்தே சொன்னேன் என்று எழுது. சீட்டை விட்டுவிட்டு மங்கலம் பஸ் ஏறி, அந்தத் தறிக் குடோன் வாசலில் போய் நில். விஷயம் பையர் காதுக்குப் போய் கம்பெனி சாய்ந்தாலும் சாயட்டும், நான் உன்னைத் தடுக்க மாட்டேன், ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். அது முடியாது என்றால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. என் எதிரில் உட்கார், என் கண்ணைப் பார்த்துப் பேசு, நானே வண்டியில் கொண்டுபோய் ஏர்போர்ட்டில் விடுகிறேன். அம்மா கெட்டவள், நான் நல்லவன் என்று சொல்லிக்கொண்டு பிளைட் ஏறுகிற வழி மட்டும் கிடையாது. அப்படி ஏறினால் அவர்களுக்கு நானே எழுதுவேன். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, உனக்கு என்னைத் தெரியும்.

இன்னும் ஒன்று, வீடியோவை நீ அணைத்த பிறகு நடந்தது. பிரேமா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி நின்று, "ஏனுங்கம்மா, தம்பிக்கு என்னைய முன்னாடியே தெரியுமுங்களா? சொந்த அக்காளாட்டம் அத்தன பாசமாப் பேசுறாருங்க" என்று கேட்டாள்.

தெரியும் பிரேமா, ரொம்ப நாளாகத் தெரியும் என்றேன்.

அம்மா